அடையாளம் வினவா அறம்: மணிமேகலையும் வேலூர் வட்டாரப் பொதுவாழ்வும்

சமய நம்பிக்கைக்கு இக்காலப் பொதுவாழ்வில் உரிய இடம் யாது என்னும் வினாவிற்கு விடை கூறுவோர் இரு திறத்தினராய் நிற்கின்றனர். சமயம் மனையகத்திற்கும் மனத்தகத்திற்கும் உரியது. மன்றத்தில் அதற்கு இடமில்லை என்பர் ஒரு சாரார். நாட்டின் அறம் சமயத்தினின்றே தோன்றியதாகலின் மன்றமும் அதன் வழியே நடத்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். கொள்கையால் மாறுபடினும் வினாவை வகுத்துக்கொள்ளும் முறையில் இவ்விருவரும் ஒன்றுபடுகின்றனர். சமயத்தைப் பிரிவற்ற ஒரு பொருளாகக் கொண்டு, அதனை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்றே இருவரும் வழக்காடுகின்றனர். சமயம் பொதுவாழ்வினுள் நுழையும் வாயில்கள் பல என்பதும், வாயில்தோறும் அது வேறு வடிவோடு வருகின்றது என்பதும் அவர்தம் ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை.

சமயம் பொதுவாழ்வில் மூவகையாக வெளிப்படக் காண்கிறோம். கொள்கையாக நின்று வாதிடுதல் ஒன்று. தொண்டாக நின்று பிறர் துயர் களைதல் மற்றொன்று. அடையாளமாக நின்று இன்னார் இன்ன கூட்டத்தார் எனப் பிரித்துக் காட்டுதல் மூன்றாவது. இம்மூன்றனையும் வேறு பிரித்து நோக்கும் அளவுகோல் ஒன்று தமிழிலக்கியத்திலேயே உளது. அது மணிமேகலை. அவ்வளவுகோலைக் கொண்டு வேலூர், ஆம்பூர் வட்டாரத்தோடு தொடர்புடைய அரசு ஆவணங்கள் மூன்றனையும், அவ்வட்டாரத்து அறநிலையங்கள் சிலவற்றையும் மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திக் கடல் கடந்து விற்ற வணிகருள் இசுலாமியர் மிகுதி. குழியில் இறங்கித் தோலைத் தொட்டு உழைத்தோருள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. அவருள் கிறித்தவம் தழுவினோரும் உளர். வேலூர்க் கோட்டையின் ஒரே மதிலுக்குள் சலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் மாதாகோயிலும் நிற்கின்றன. சமயங்கள் ஒன்றையொன்று ஏட்டில் மட்டும் சந்திக்காமல் கடையிலும் ஆலையிலும் மருத்துவமனையிலும் நாள்தோறும் சந்திக்கும் இடம் இது.

1. மணிமேகலை காட்டும் வேறுபாடு

மணிமேகலை பௌத்த காப்பியம். அதனைச் சமயப்பொதுமை பேசும் நூல் என்று புகழ்வார் உளர். அப்புகழுரை முற்றும் பொருந்துவதன்று. சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் வஞ்சி நகரத்தே சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி முதலிய பலரையும் மணிமேகலை வினவுகின்றாள். அவர்தம் கொள்கைகளில் எதுவும் அவள் உள்ளத்தைக் கொள்ளவில்லை. பின்னர்க் காஞ்சியில் அறவணவடிகளிடம் அளவை நெறியையும் பௌத்த அறத்தையும் கேட்டுத் தெளிகின்றாள். ஆசிரியர் சாத்தனார் ஒரு பக்கம் சார்ந்தவரே. அச்சார்பை அவர் மறைத்தாருமல்லர்.

ஆயின் அதே காப்பியத்தில் உணவிடும் களத்தில் நிகழ்வது வேறு. ஆதிரை முதற்பிச்சை இட்ட அமுதசுரபியை ஏந்தி மணிமேகலை உலகவறவி புகுந்தபோது, பசித்தோர் எச்சமயத்தார் என்று அவள் வினவவில்லை. யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்திய காயசண்டிகையிடமும் அவள் பிறப்பு வினவப்படவில்லை. சிறைக்கோட்டத்துட் புகுந்து உணவிட்டபோது அங்கிருந்தோர் செய்த குற்றமும் வினவப்படவில்லை. அதன் பயனாக, அரசன் அவள் வேண்டுகோட்கிணங்கிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான். வஞ்சியில் வாதம் செய்தவளும் புகாரில் சோறிட்டவளும் ஒருத்தியே. வாதக் களத்தில் அவள் வேறுபாட்டை வினவினாள். உணவுக் களத்தில் வினவவில்லை. இவ்விரு களத்தையும் ஒன்றோடொன்று மயங்கவிடாமையே சாத்தனாரின் நுண்மை எனலாம்.

அடையாளம் வினவுதலின் தீமையை அவர் ஆபுத்திரன் வரலாற்றில் வைத்துக் காட்டுகின்றார். வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை விடுவித்தமைக்காக ஆபுத்திரன் அடிக்கப்படுகின்றான். அவனை எதிர்த்தோர் முதலில் அவன் வாதத்திற்கு விடை கூற முயலவில்லை; அவன் பிறப்பைக் கூறி இகழ்கின்றனர். பின்னர் அவன் ஐயம் ஏற்கச் சென்ற ஊர்களில் அவன் கலத்தில் கல்லே இடப்படுகின்றது. அவனோ மதுரையிற் சிந்தாதேவியிடம் பெற்ற அமுதசுரபியைக் கொண்டு குருடர், செவிடர், முடவர், காப்பாரற்றோர் என யாவரையும் அழைத்து ஊட்டுகின்றான். பிறப்பை வினவியோர் கல் இட்டனர். வினவாதவன் சோறு இட்டான் என்று கதை அமைந்திருத்தல் நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

இக்காப்பியம் நம் கைக்கு வந்த வரலாறும் இதனோடு ஒத்ததே. 1898இல் இதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சைவர். பௌத்தக் கருத்துகளை அவர்க்கு விளக்கி உதவிய மளூர் ரங்காசாரியர் வைணவர். தம் நம்பிக்கையை அவ்விருவரும் கைவிட்டாரல்லர். பிறர் நூலைக் காப்பதற்குத் தம் நம்பிக்கை தடையென்று கருதினாருமல்லர்.

2. முதல் ஆவணம்: தலைப்பாகை ஆணை

1805ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படையினர்க்குப் புதிய தலைப்பாகை ஒன்று வகுக்கப்பட்டது. தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடலாகாது, காதணி அணிதலாகாது, தாடையை மழித்தல் வேண்டும், மீசையை ஒரே அளவாகத் திருத்துதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. புதிய தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலாற் செய்த குஞ்சம் ஒன்றும் இருந்தது. அத்தோல் பசுவினதோ பன்றியினதோ என்னும் ஐயம் இரு சமயத்தாரையும் ஒருங்கே வருத்தியது.

இவ்வாணையை ஒரு நூற்பகுதியைப் படிப்பது போலப் படித்தல் வேண்டும். எக்கடவுளை வணங்குக என்றோ வணங்கற்க என்றோ அது கூறவில்லை. நெற்றி, காது, தாடை, தலை என உடலுறுப்புகளைப் பற்றியே பேசுகின்றது. அதை வகுத்தோர்க்கு அது படை ஒழுங்கு; அதன் கீழ் நின்றோர்க்கோ தாம் இன்னார் என்பதையே அழிக்கும் கட்டளை. 1806 மே மாதத்தில் வேலூர்ப் படையினர் சிலர் தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். அவருள் இந்து ஒருவரும் இசுலாமியர் ஒருவரும் கசையடி பெற்றுப் படையினின்று நீக்கப்பட்டனர். அவ்வாண்டு சூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டையில் புரட்சி எழுந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் தளபதி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றே அதனை அடக்கினார். ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோரும், அவரினும் பன்மடங்கு சிப்பாய்களும் மாண்டனர். பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

இப்புரட்சிக்குத் தலைப்பாகை ஒன்றே காரணம் என்று கூறல் பொருந்தாது. திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையிலேயே காவலில் இருந்தமையும், மைசூர்க் கொடி கோட்டையில் ஏற்றப்பட்டமையும், சிப்பாய்களின் பிற குறைகளும் மறக்கற்பாலன அல்ல. ஆயினும் பல குறைகளை ஒரு முனைக்குக் கொணர்ந்தது அடையாளத்தின் மீது வைத்த கையே. அரசு அடையாளத்தை வலிந்து அழிக்கப் புகின் அது அழியாது. உயிரினும் பெரிதாக வளரும் என்பது முதல் ஆவணம் தரும் பாடம். சமயத்தைப் பொதுவிடத்தினின்று முற்றும் துடைத்தல் வேண்டும் என்பார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

3. இரண்டாம் ஆவணம்: பட்டியல் ஆணை

பாலாற்றங்கரையிற் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுச் சந்தைக்குச் சென்று, அங்கிருந்து பற்பல கைகளுக்குச் செல்லும். அக்கைகளுள் தெருவோரத்தில் அமர்ந்து செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கையும் ஒன்று. அவ்வாறு சென்னையிற் செருப்புத் தைத்த ஒருவர் தொடுத்த வழக்கே சூசை வழக்கு எனப்படுவது. அத்தொழிலாளர்க்குப் பெட்டிக்கடை இலவசமாக வழங்கும் திட்டம் ஒன்று இருந்தது. அவர் ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறித்தவம் தழுவியவர். அவர்க்குக் கடை வழங்கப்படவில்லை.

காரணம் 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து சமயத்தைச் சாராத ஒருவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று அது முதலில் விதித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் திருத்தங்களால் அதனுட் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. 1985இல் உச்சநீதிமன்றம் சூசை வழக்கைத் தள்ளிற்று. மதம் மாறிய பின்னும் சாதியால் விளையும் இழிநிலை அதே கடுமையோடு தொடர்கின்றது என்பதற்கு உரிய சான்று காட்டப்பெறவில்லை என்பது தீர்ப்பின் சாரம். மதம் மாறிய பட்டியல் சாதியினரின் நிலையை ஆராய நடுவணரசு 2022இல் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது.

இவ்வாணைக்குச் சார்பான வாதமும் உண்டு. சாதி என்பது இந்து சமூக அமைப்பின் கேடு. அக்கேட்டிற்கு மாற்றாக அமைந்த சலுகை, அவ்வமைப்பை விட்டு நீங்கியோர்க்கு எதற்கு என்பர். வாதம் செம்மையாகவே தோன்றுகின்றது. ஆயின் அது கொள்கையைக் கொண்டு வாழ்வை அளக்கின்றது. கிறித்தவத்திலும் இசுலாத்திலும் சாதி இல்லை என்பது அச்சமயங்களின் கொள்கை. தோற்குழியில் இறங்கி நிற்பவரின் தெருவோ கல்லறையோ அக்கொள்கையின்படி அமைந்துள்ளதா என்பதே நாம் கேட்கற்பாலது. ஊசியும் தோலும் தெருவோரமும் மாறாதிருக்க, வழிபடும் கடவுளின் பெயர் மட்டும் மாறியமையால் ஒருவரது இழிநிலை நீங்கிற்று என்று முடிவு செய்தல், பசித்தவனைக் கண்டு அவன் பிறப்பை வினவியதற்கு ஒப்பாகும். இங்குக் கலத்தில் இடப்பட்டது கல் அன்று, ஒன்றும் இடப்படவில்லை. 1806இன் ஆணை அடையாளத்தை அழிக்க விரும்பிற்று. 1950இன் ஆணை அடையாளத்தைக் காட்டு, பின்னர்த் தருவேன் என்கின்றது. இரண்டும் துயரை நோக்குமுன் அடையாளத்தை நோக்குகின்றன.

4. தொண்டாகிய சமயம்

இனிச் சமயத்தின் மற்றொரு வடிவைக் காண்போம். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓரிரவில், மகப்பேற்றுத் துன்பத்தில் இருந்த பெண்டிர் மூவர்க்காக ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணை அடுத்தடுத்து அழைக்க மூன்று இல்லத்தார் வந்தனர். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஆண் மருத்துவர் தம் மகளிரைத் தொடலாகாது என்று இந்துக்களும் இசுலாமியருமாகிய அம்மூவரும் மறுத்துச் சென்றனர். பெண்டிர் மூவரும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் அவர் பெண்கட்கென நிறுவிய மருத்துவப் பள்ளியே பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இதில் இரு செய்திகள் கருதத் தக்கன. வழக்கத்தையும் நம்பிக்கையையும் கண்டிக்கும் பேருரை எதனையும் அவர் அங்குத் தொடங்கவில்லை. அவ்வழக்கத்தின் நடுவே வாழும் பெண்ணின் உயிரைக் காக்கும் வழி யாது என்று எண்ணினார். மற்றொன்று, அவரை இயக்கியது அவர்தம் கிறித்தவ நம்பிக்கையே. சமயம் மன்றத்தில் தலைகாட்டலாகாது என்னும் கொள்கையின்படி அம்மருத்துவமனையே தோன்றியிராது.

இசுலாமியத் தோல் வணிகர் செய்த அறமும் இவ்வகையினதே. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விசாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் என்னும் தோல் வணிகப் பெருவள்ளலின் பெயரால் 1965இல் ஒரு கல்லூரி எழுந்தது. உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகுந்த வாணியம்பாடிக் கல்லூரியில் கவிஞர் அப்துல் ரகுமான் பல்லாண்டு தமிழ் கற்பித்தார். புதுக்கவிதையிற் குறியீடு பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். ‘ஆலாபனை’ என்னும் நூலுக்காக 1999இல் அவர் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றபோது, தோல் வணிகர் வளர்த்த ஒரு கல்லூரியின் பயன் தமிழுலகம் முழுமைக்கும் உரியதாயிற்று.

ஆயினும் தொண்டு என்ற பெயரால் எல்லாவற்றையும் போற்றிவிடுதல் திறனாய்வு ஆகாது. நோயாளியின் படுக்கையருகே அடையாளம் வினவாத நிறுவனம், மாணவர் சேர்க்கையில் அடையாளம் வினவுகின்றது. சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களைத் தாமே நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தருகின்றது. அவ்வுரிமை சிறுகூட்டத்தின் குரல் பெருங்கூட்டத்தில் அமிழ்ந்து போகாமைக்குத் தேவையே. ஆயின் உரிமை எல்லையற்றதன்று. மருத்துவச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வு சிறுபான்மை நிலையங்களுக்கும் பொருந்தும் என்று, வேலூர்க் கல்லூரி தொடுத்த வழக்கில் 2020 ஏப்பிரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்விக்களம் முற்றிலும் உணவுக் களமும் அன்று. முற்றிலும் வாதக் களமும் அன்று. இரண்டும் கலந்த இவ்விடத்தை மணிமேகலை ஆசிரியர் கண்டிலர். நாமே எல்லை வகுத்தல் வேண்டும்.

மேலும், கல்லூரி எழுப்பிய தோலே ஆற்றையும் கெடுத்தது. ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரும் வயலும் கெட்டமை பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறி இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. ஆலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. ஆலையுடையார் எச்சமயத்தார் என்பதும், அவர் எத்தனை பள்ளிகட்குக் கொடை தந்தார் என்பதும் அங்கு வினவப்படவில்லை. அதுவே முறை. துயர் களையும்போது அடையாளம் வினவாதது போலவே தீங்கைத் தடுக்கும்போதும் அடையாளம் வினவலாகாது. சமயத்தின் பெயரால் செய்த கொடை பொதுவிழப்பிற்கு ஈடாகாது.

5. மூன்றாம் ஆவணம்: இன்மைச் சான்று

2019 பிப்ரவரி 5ஆம் நாள், அப்பொழுது வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பத்தூரில், வழக்கறிஞர் ம. ஆ. சிநேகா தமக்குச் சாதியும் மதமும் இல்லை என்னும் சான்றிதழை வட்டாட்சியரிடம் பெற்றார். 2010 முதல் அவர் அதற்காக விண்ணப்பித்து வந்தார். பள்ளியிற் சேர்க்கும்போதே சாதி, மதம் என்னும் இடங்களை அவர் பெற்றோர் நிரப்பாது விட்டனர். 2025இல் சென்னை உயர்நீதிமன்றமும் இத்தகைய சான்றுகளை வழங்க வழிசெய்யுமாறு தமிழக அரசைப் பணித்தது.

இச்சான்றை இருவகையாகப் படிக்கலாம். நம்பாமையும் ஒரு நிலையே. நம்புவோர்க்குள்ள மதிப்பு நம்பாதார்க்கும் உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டது என்பது ஒரு வகை. இவ்வகையில் அது பாராட்டுதற்குரியது. இல்லை என்பதற்கும் அரசின் முத்திரை வேண்டியதாயிற்றே என்பது மற்றொரு வகை. இலக்கணத்தில் ‘இன்மை’ என்பதும் ஒரு பொருளைச் சுட்டி நிற்பதே. சாதி என்னும் சொல்லைக் கூறாமல் சாதியின்மையைக் கூற இயலாது. வெற்றிடமாக விட்ட கட்டத்தை வெற்றிடமாகவே ஏற்க அலுவலகங்கள் அறிந்திருப்பின் அவ்வம்மையார் ஒன்பதாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. குறை அவர் கேட்டதில் இல்லை; கேட்காமல் ஏற்க இயலாத படிவத்தில் உள்ளது.

ஆயின் இச்சான்றையே எல்லார்க்கும் உரிய தீர்வாகக் கொள்ளுதலும் தவறு. அடையாளத்தைத் துறப்பதற்கும் ஒரு வலிமை வேண்டும். சாதியால் இழந்தவர் அவ்விழப்பைச் சான்றாகக் காட்டியே ஈடு பெறுகின்றார். அவரிடம் சென்று அடையாளத்தைத் துறந்துவிடு என்று கூறுதல், 1806இன் தலைப்பாகையை வேறு வகையால் சூட்டுவதாகவே முடியும். துறத்தலும் தாங்குதலும் அவரவர் உரிமையாக இருத்தல் வேண்டும்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சமயம் பொதுவாழ்வில் கொள்கையாக வருமாயின் வாதக்களம் அதற்குத் திறந்திருத்தல் வேண்டும். ஆங்கு அது பிற கொள்கைகளோடு சமமாய் நின்று காரணம் காட்டி வெல்லவோ தோற்கவோ கடவது. தொண்டாக வருமாயின் வரவேற்கப்படுதல் வேண்டும். ஆயின் அத்தொண்டு தன் வாயிலில் அடையாளம் வினவும்போதும், தன் கொடையைக் காட்டித் தீங்கை மறைக்கும்போதும் கடியப்படுதல் வேண்டும். அடையாளமாக வருமாயின் அரசு அதனை அழிக்கவும் புகலாகாது. உதவி பெறுதற்கு விலையாகக் கேட்கவும் ஆகாது.

சூசை வழக்கு எழுப்பிய வினாவிற்கு விடை காணப் புகுவோர், கடவுளின் பெயரை விடுத்துத் தோலையும் ஊசியையும் தெருவையும் முதலில் நோக்குவாராயின் நெறி புலப்படும். ஒருவர் சுமக்கும் இழிநிலை உண்மையாயின், அவர் தொழும் இடம் எதுவாயினும் அதற்கு மாற்றுத் தேடுதல் அரசின் கடன். சாத்தனார் தம் சமயமே மெய்ச்சமயம் என்று துணிந்தவர்; அத்துணிவோடேயே அமுதசுரபியை யாவர்க்கும் பொதுவாக வைத்தார். உறுதியான நம்பிக்கையும் அடையாளம் வினவா அறமும் ஒருவரிடத்தே ஒருங்கு இருத்தல் இயலும் என்பதற்கு அக்காப்பியமே சான்று. தனி ஒருவர்க்கு இயன்ற அதனைச் சட்டத்திற்கும் இயல்வதாக்குதல் நம் காலத்தார்மேல் நிற்கும் கடமையாகும்.